‘அப்பா போன் செய்ததால்தான் கிடைத்ததா?’

வாசகர் கடிதம்: எனக்கு 24 வயது, சென்னை. அப்பா சினிமாப் பாடகர், எல்லோருக்கும் தெரிந்த குரல். அம்மா தொண்ணூறுகளில் கதாநாயகி, இப்போது சீரியல்களில் நடிக்கிறார். நான் கிட்டார் வாசிப்பேன், சொந்தமாகப் பாட்டு எழுதி மெட்டுப் போட்டு யூடியூபில் நான்கு பாட்டு வெளியிட்டிருக்கிறேன், நடிக்கவும் ஆசை. போன வருடம் ஒரு வெப் சீரிஸ் ஆடிஷனுக்காக ராத்திரியெல்லாம் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகினேன், இரண்டாவது நாயகன் வேடம் கிடைத்தது. படப்பிடிப்பு முடிந்த பிறகுதான் அப்பா தயாரிப்பாளருக்கு முன்பே போன் செய்திருந்தார் என்று தெரிந்தது. கேட்டால் அம்மா, ‘நாங்க பட்ட கஷ்டம் நீ படக்கூடாதுன்னுதான்’ என்கிறார். கமெண்ட்டில் ‘அப்பா பேரு இல்லைன்னா நீ யாரு’ என்று எழுதுகிறார்கள். மேடை ஏறினால் அப்பா பாட்டைத்தான் பாடச் சொல்கிறார்கள். போன மாதம் இன்னொரு ஆடிஷனுக்கு வசனம்கூடப் படிக்காமல் போனேன், கிடைக்கவில்லை. அடுத்த மாதம் ஒன்று இருக்கிறது. விடியற்காலை நாலு மணி வரை தூக்கம் வருவதில்லை. பெயரை மாற்றிக்கொண்டு மும்பைக்குப் போய்விடலாமா? எனக்கு உண்மையிலேயே திறமை இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்:

தம்பி, பெயர், மும்பை, திறமை என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள், மூன்றுக்கும் வருகிறேன். ஆனால் கடிதத்தை இரண்டாவது முறை படித்தபோது என்னை நிறுத்தியது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி, வசனம்கூடப் படிக்காமல் போனேன் என்பது. ராத்திரியெல்லாம் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகியவரும் நீங்கள்தான், படிக்காமல் போனவரும் நீங்கள்தான். நடுவில் நடந்தது ஒன்றே ஒன்று, அந்தப் போன் விஷயம் தெரியவந்தது. உங்கள் அப்பாவுக்கு இது தெரிந்தால் பையன் சோம்பேறி ஆகிவிட்டான் என்று நினைப்பார், நீங்களே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இது சோம்பல் இல்லை.

1978இல் ஸ்டீவன் பெர்க்ளாஸ், எட்வர்ட் ஜோன்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு விடையே கண்டுபிடிக்க முடியாத கேள்விகளைக் கொடுத்து, அவர்கள் ஏதோ ஒன்றைக் குத்துமதிப்பாகக் குறித்துக் கொடுத்ததும், பிரமாதமாகச் செய்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார்கள். அடுத்த தேர்வுக்கு முன்னால் இரண்டு மருந்துகளைக் காட்டி, ஒன்று மூளையைச் சுறுசுறுப்பாக்கும், இன்னொன்று மந்தமாக்கும், எது வேண்டும் என்று கேட்டார்கள். எதற்காகப் பாராட்டினார்கள் என்றே தெரியாமல் பாராட்டு வாங்கியவர்களில், அதுவும் முக்கியமாக ஆண்களில், நிறைய பேர் மந்தமாக்கும் மருந்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. தோற்றால் மருந்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம், ஜெயித்தால் மருந்தையும் மீறி ஜெயித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், எப்படிப் பார்த்தாலும் ‘நான் எவ்வளவு’ என்ற கேள்விக்குப் பதில் வராமல் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் வசனம் படிக்காமல் போனதும் அதே மருந்துதான். நன்றாகப் படித்துவிட்டுப் போய், போன் எதுவும் போகாத ஒரு இடத்தில் தோற்றிருந்தால், என்னால் முடிந்தது இவ்வளவுதான் என்ற பதிலோடு வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். அதற்குப் பயந்து கையைக் கட்டிக்கொண்டு போய் நின்றிருக்கிறீர்கள். பிரபலமானவர்களின் பிள்ளைகளிடம் மட்டும் இல்லை, கேட்காமலே எல்லாம் கிடைத்துவிட்ட பல பிள்ளைகளிடம் நான் இதைப் பார்த்திருக்கிறேன். வெளியில் இருப்பவர்களுக்குத் திமிர் மாதிரி தெரியும், உள்ளே இருப்பது முழுக்கப் பயம்.

எனக்கு இது கொஞ்சம் சொந்த அனுபவம்கூட. நான் படித்த பள்ளியிலேயே என் அம்மா தலைமையாசிரியை. எட்டாவது, ஒன்பதாவது எல்லாம் நான்தான் முதல் ரேங்க், ஆனால் ரேங்க் கார்டு கைக்கு வரும்போதெல்லாம் வயிற்றில் ஏதோ பிசையும், எனக்குப் போட்ட மார்க்கா, ஹெச்.எம். பொண்ணுக்குப் போட்ட மார்க்கா என்று தெரியாது, யாரிடமும் கேட்கவும் முடியாது. பத்தாவது பொதுத்தேர்வு வந்தபோது மற்ற பிள்ளைகள் பயந்து கிடந்தார்கள், எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி, விடைத்தாள் வேறு எங்கேயோ போகும், திருத்துகிறவருக்கு ஒரு எண்ணைத் தவிர என்னைப் பற்றி எதுவும் தெரியாது. ரிசல்ட் வந்தது. வகுப்பில் நான்காவது. அன்றைக்கு அழுதேன், ஆனால் அந்த நான்காவது இடம் என்னுடையது, யாரும் அதைச் சந்தேகப்பட முடியாது. கணக்கில் எங்கே தடுமாறுகிறேன் என்பதும் அப்போதுதான் முதல்முறையாகத் தெரிந்தது, அதுவரை யாரும் சொல்லவே இல்லை.

அதனால் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்த வேடம் உங்கள் ஆடிஷனுக்குக் கிடைத்ததா, அப்பாவின் போனுக்குக் கிடைத்ததா என்ற கேள்விக்கு இனி எந்தக் காலத்திலும் பதில் கிடைக்காது. தயாரிப்பாளரையே கூப்பிட்டுச் சத்தியம் வாங்கினாலும் அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது, ஏனென்றால் அவர் மனதில் இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்திருக்கும். ராத்திரி நாலு மணி வரை நீங்கள் உருட்டிக்கொண்டிருப்பது இந்தக் கேள்வியைத்தான். இதை விடுங்கள். பதில் கிடைக்கக்கூடிய கேள்விகளுக்கு வாருங்கள்.

உங்களுக்கு இப்போது வேண்டியது என் பொதுத்தேர்வு மாதிரி, எண் மட்டும் தெரிகிற இடங்கள். பாட்டில் இது சுலபம். முகம் காட்டாமல், பெயர் போடாமல் ஒரு டெமோவை, உங்களை அறியாத நான்கைந்து பேரிடம் ஒரு நண்பர் வழியாகக் கேட்கக் கொடுக்கலாம். இன்னொருவர் ஆல்பத்துக்கு கிட்டார் வாசிக்கலாம், குறும்படத்துக்குப் பின்னணி இசை செய்யலாம், அங்கே இயக்குநருக்கு வேண்டியது அந்த முப்பது செகண்ட் சரியாக வந்திருக்கிறதா என்பது மட்டும்தான், சரியில்லை என்றால் மறுபடி போடச் சொல்வார், அப்படி ‘மறுபடி’ என்று எத்தனை பேர் இதுவரை உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நடிப்பில் முகத்தை மறைக்க முடியாது, அதுவும் உங்கள் முகத்தில் அம்மா இருக்கிறார். ஆனால் நாடகத்துக்கு ஒரு குணம் உண்டு. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை மாதிரி ஒரு இடத்திலோ, கல்லூரிப் பையன்கள் நடத்தும் சின்ன நாடகக் குழுவிலோ போய் நின்றால், முதல் வாரம் எல்லோரும் உங்களை இன்னார் மகனாகப் பார்ப்பார்கள், மூன்றாவது வாரம் நீங்கள் தப்பான இடத்தில் நின்றால் எதிரில் நடிப்பவருக்கு எரிச்சல் வரும். அந்த எரிச்சல் உண்மையானது, அதை வாங்கிக்கொள்ளத்தான் போகச் சொல்கிறேன்.

சூர்யா சினிமாவுக்கு வருவதற்கு முன்னால் ஒரு ஆயத்த ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்த்தார், சிவகுமார் மகன் என்று முதலில் அங்கே சொல்லிக்கொள்ளவில்லை. 1997இல் நடிக்க வந்தபோது நடனம், சண்டை, தன்னம்பிக்கை எதுவும் சரியாக வராமல் திணறியவர் அவர், அப்பாவின் நிழலிலேயே நிற்காமல் உனக்கென்று ஒரு அடையாளத்தைத் தேடிக்கொள் என்று அவருக்கு எடுத்துச் சொன்னவர் ரகுவரன். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, அதைச் சொன்னது வீட்டுக்கு வெளியே இருந்த ஒரு பெரியவர் என்பது. அப்பா, அம்மா இருவருமே துறையில் இருக்கும்போது பிள்ளைகள் வேறு யாரிடமும் போய்க் கேட்பதில்லை, மற்றவர்களும் மரியாதைக்காக வாயைத் திறப்பதில்லை. உங்களிடம் குறை சொல்லக் கூச்சப்படாத ஒரு மூத்தவரைத் தேடிப் பிடியுங்கள், அப்பாவுடைய நண்பராக இல்லாமல் இருந்தால் நல்லது.

அப்புறம், உங்கள் வயதுக்காரர்கள். யுவன் சங்கர் ராஜா பதின்ம வயதிலேயே 1997இல் இசையமைக்க வந்தார், ஆரம்பப் படங்கள் சரியாகப் போகவில்லை. இளையராஜாவின் மகன் என்ற ஒப்பீடு எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவோடு போட்டி போட்டு அவர் அதைத் தாண்டி வந்ததாக எனக்குத் தெரியவில்லை. செல்வராகவனோடும் நா. முத்துக்குமாரோடும் சேர்ந்து 2003, 2004இல் அவர் செய்த பாட்டுகளைக் கேட்டால், அது அப்போது இருபதுகளில் இருந்தவர்களின் கோபமும் தனிமையும், அதை அந்த வயதுக்காரர்கள்தான் அப்படிச் செய்திருக்க முடியும். (செல்வராகவனும் இயக்குநர் கஸ்தூரி ராஜாவின் மகன்தான் என்பதைக் கவனியுங்கள்.) உங்கள் கடிதத்தில் அப்பா, அம்மா, தயாரிப்பாளர், கமெண்ட் போடுகிறவர்கள் எல்லோரும் வருகிறார்கள், சேர்ந்து பாட்டுப் போடுகிற, சண்டை போடுகிற நண்பர் ஒருவர்கூட வரவில்லை. எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது. நாலு பாட்டும் தனியாகவே அறைக்குள் உட்கார்ந்து செய்ததா?

சரி, பெயர். நம் ஊரில் பெயர் என்பதே கொஞ்சம் விசித்திரமான விஷயம், பெரும்பாலும் அப்பா பெயரின் முதல் எழுத்தைச் சுமந்துகொண்டுதான் பள்ளிக்கூடத்திலேயே சேர்கிறோம். எம்.எஸ். சுப்புலட்சுமியின் இனிஷியலை நினைத்துப் பாருங்கள், மதுரை சண்முகவடிவு. சண்முகவடிவு அவருடைய அம்மா, வீணைக் கலைஞர். ஊரையும் அம்மாவையும் முன்னால் வைத்துக்கொண்டுதான் அந்தப் பெண் மேடை ஏறினார், இன்றைக்கு எம்.எஸ். என்று சொன்னால் அந்த இரண்டு எழுத்தும் மகளின் குரலாகத்தான் நம் காதில் விழுகிறது. அந்த எழுத்துகளை அவர் நீக்கவே இல்லை, பாடிப் பாடித் தன்னுடையதாக்கிக்கொண்டார்.

உங்களைப் போலவே பாட்டு, நடிப்பு இரண்டும், அப்பா, அம்மா இருவரும் பிரபலம் என்றால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது ஸ்ருதி ஹாசன். கமல்ஹாசன், சரிகாவின் மகள் என்று தெரியக்கூடாது என்பதற்காகப் பள்ளி நாட்களில் தன் பெயர் பூஜா ராமச்சந்திரன் என்று சொல்லிக்கொண்டிருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஆக, பெயரை மாற்றி ஒளிந்துகொள்ளும் ஆசை உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. அப்புறம் என்ன நடந்தது? 2009இல் இந்தியில் கதாநாயகியாக வந்த முதல் படம் ஓடவில்லை. அதே வருடம் அப்பாவின் ‘உன்னைப்போல் ஒருவன்’ படத்துக்கு அவர்தான் இசை, ஒளியாமல் சொந்தப் பெயரோடு. தெலுங்கில் ஆரம்பத்தில் சில தோல்விகள், 2012இல்தான் பெரிய வெற்றி. இடையில் இசையை விடவில்லை, ஆங்கிலத்தில் தன் பாட்டுகளை எழுதிப் பாடிக்கொண்டே இருந்தார். 2024இல் ‘இனிமேல்’ என்ற பாட்டை வெளியிட்டார், மெட்டு மகளுடையது, வரிகள் கமல்ஹாசனுடையவை. ஆறு வயதில் அப்பா படத்தில் பாடிய பிள்ளை, முப்பத்தெட்டு வயதில் தன் மெட்டுக்கு அப்பாவை எழுத வைத்திருக்கிறார். அந்த இடத்துக்கு வர எத்தனை வருடம் ஆகியிருக்கிறது என்று மட்டும் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள், நீங்கள் இப்போதுதான் 24இல் இருக்கிறீர்கள்.

பெயர் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒளிவதற்காக வேண்டாம், ஒரே வாரத்தில் யாராவது கண்டுபிடித்து எழுதுவார்கள், அப்புறம் ‘மறைத்தார்’ என்ற பேச்சும் சேர்ந்துகொள்ளும். மும்பைக்கும் இதே பதில்தான், அங்கே ஒரு வேலையோ படிப்போ இருந்தால் போங்கள், இங்கிருந்து தப்பிக்க என்றால் அந்த நாலு மணித் தூக்கமின்மையும் உங்களோடு ரயில் ஏறும்.

கமெண்ட் போடுகிறவர்கள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது உங்களுக்குக் கசக்கலாம். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. உங்களுக்குத் திறந்த கதவு, ஊரிலிருந்து வந்து வடபழனியில் நான்கு பேரோடு அறை எடுத்துத் தங்கி ஆடிஷனுக்கு அலைகிற பையனுக்குத் திறக்கவில்லை. அமெரிக்காவில் 2022இல் இதைப் பற்றி ஒரு பெரிய விவாதமே நடந்தது, பிரபலங்களின் பிள்ளைகளை ‘நெப்போ பேபி’ என்று அழைத்துப் பத்திரிகைகள் பட்டியல் போட்டன. ஹாலிவுட் நடிகர்கள் ஈதன் ஹாக், உமா தர்மன் இருவரின் மகள் மாயா ஹாக், அவரும் நடிக்கிறவர், தன் பாட்டுகளைத் தானே எழுதிப் பாடி ஆல்பங்கள் வெளியிட்டவர். எனக்கு இதற்கெல்லாம் தகுதி இருக்கிறது என்று நான் வாதாடப் போவதில்லை, தகுதி இல்லாவிட்டாலும் இதைச் செய்வதில் எனக்குச் சங்கடமில்லை என்ற பொருளில் அவர் ஒரு பேட்டியில் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் உங்களுக்கு அது மட்டும் போதாது என்று நினைக்கிறேன். இன்னொருவருக்குக் கிடைக்காத ஆடிஷன் நாற்காலியில் உட்காருகிறவர் வசனம் படிக்காமல் போய் உட்காரக்கூடாது. இதைக் குற்ற உணர்ச்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கடமையாக எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் உடம்பில் தெரிகிற வித்தியாசம் உண்டு, ஒன்று படுக்கையில் போட்டுவிடும், இன்னொன்று எழுப்பி உட்காரவைக்கும். யாராவது கேட்டால் ‘ஆமாம், அப்பா போன் செய்தார், எனக்குத் தெரியாமல், இனி செய்ய மாட்டார்’ என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். கமெண்ட்டுகளை நீங்கள் படிக்க வேண்டாம், நம்பிக்கையான ஒருவர் படித்து, பாட்டைப் பற்றிச் சொன்னதை மட்டும் உங்களிடம் சொல்லட்டும்.

‘இனி செய்ய மாட்டார்’ என்று சொல்ல வேண்டுமானால் முதலில் அப்பாவிடம் பேச வேண்டும். சாப்பாட்டு மேஜையில், அம்மாவும் இருக்கும்போது பேச வேண்டாம், அது பழைய கஷ்டக் கதைகளில் போய் முடியும். காரில் இரண்டு பேரும் போகும்போது பேசுங்கள், முகம் பார்க்காமல் பேசுவது அப்பாக்களுக்கும் பிள்ளைகளுக்கும் சுலபம். ‘ஏன் செய்தீர்கள்’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘அப்பா, நீங்க எனக்காகத்தான் செஞ்சீங்க, தெரியும். ஆனா அதுக்கப்புறம் என்னால எதையும் நம்ப முடியல. இனிமே எனக்காக யாருக்கும் போன் பண்ணாதீங்க. பண்ணியே ஆகணும்னு தோணுச்சுன்னா, பண்றதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லிடுங்க’ என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு வலிக்கும். தான் கொடுத்ததைப் பிள்ளை திருப்பிக் கொடுக்கிற மாதிரி இருக்கும். அதனால் கூடவே வேறு ஒன்றைக் கேளுங்கள், அவரால் மட்டும் தர முடிகிற ஒன்றை. சளி பிடித்த நாளில் எப்படிப் பாடினார், ஒப்பந்தத்தில் எந்த வரியில் ஏமாந்தார் என்று கேளுங்கள். சொந்தப் பாட்டு எழுதுகிறவர் நீங்கள், 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் பாடல் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் கொடுத்திருக்கும் உரிமை பற்றியெல்லாம் தெரிந்துகொள்ள உங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறது. குலவித்தை கல்லாமல் பாதி வரும் என்பார்கள், அந்தப் பாதியை வெட்கப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

மேடையில் அப்பா பாட்டைக் கேட்கிறார்கள் என்றீர்கள். உங்களுக்கு அந்தப் பாட்டு பிடிக்குமா என்று எழுதவில்லை. பிடிக்கும் என்றால் ஒன்று பாடுங்கள், ஆனால் அவர் பாடிய சுருதியில் பாடாதீர்கள், உங்கள் தொண்டைக்கு எது வசதியோ அந்தச் சுருதியில், உங்கள் கிட்டாரோடு. குரல் ஒரே மாதிரி இருப்பது உடம்பு கொடுத்தது, அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. அதற்குப் பிறகு உங்கள் பாட்டு ஒன்று. கூட்டம் எழுந்து சாப்பிடப் போனாலும் அது.

தூக்கம் பற்றி இரண்டு வரி. விடியற்காலை வரை விழித்திருப்பது தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் போயிருந்தால், அதோடு சாப்பாடு, பாட்டு எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால், கடிதம் போதாது, ஒரு மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ நேரில் பாருங்கள். அதற்கு நாளாகும் என்றால் 14416க்கு அழையுங்கள், டெலி மானஸ், இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

அடுத்த மாத ஆடிஷனுக்கு இன்றைக்கே வசனத்தை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்குள் மனப்பாடம், அதற்குப் பிறகு தினமும் ஒருமுறை வேறு ஒருவரை எதிரில் உட்காரவைத்துப் பேசிப் பாருங்கள், கண்ணாடியை விட்டுவிடுங்கள். அந்த ஆள் அம்மாவாக இருக்க வேண்டாம். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், எந்த வரியில் சொதப்பினீர்கள் என்பதை அன்றைக்கு ராத்திரியே எழுதி எனக்கு அனுப்புங்கள்.